ஓர் ஆணியும் அடிக்காமல்

ஒப்பந்தத்தின் பதினொன்றாவது வரி
நீல மையில், கையால் சேர்த்தது:
சுவரில் ஆணி ஒன்றுக்கு ஐந்நூறு பிடிக்கப்படும்.
கூரையைப் பற்றி எதுவுமில்லை.
கேட்டேன்.
"கூரையிலயா? அட்வான்ஸே மிஞ்சாது சாமி" என்றார்
மாடியில் இருக்கும் திம்மராயப்பா.

ஆக, கூரையைத் தொடாமல்
கூரையிலிருந்து சத்தம் வரவேண்டும்.

அண்ணாந்து பார்த்துப் பாடுகிற பெட்டிகள் இரண்டு,
ஓசூரில் யாரோ கழித்துவிட்டவை, பாதி விலை.
ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலிடுக்கிலும் வைத்து
சூளகிரி, குருபரப்பள்ளி எல்லாம் தாண்டி
பேருந்தில் கொண்டுவந்தேன்.
நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

கேரம் ஆடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.
கட்டையில் பட்டுத் திரும்பும் காய் போல
சத்தம் சிமெண்டில் பட்டு சோபாவில் விழவேண்டும்.
படுகிற இடம் எது?
நாகவேணியின் கைக்கண்ணாடியை
ஒட்டடைக் கொம்பில் கட்டி
கூரையோடு கூரையாக நகர்த்தினேன்.
சோபாவில் உட்கார்ந்து
கண்ணாடிக்குள் பெட்டியின் முகம் தெரிந்ததும்
"நில்லு" என்றாள்.
அங்கே மின்விசிறி இருந்தது.

சோபாவை ஒன்றரை அடி தள்ளினோம்.
இப்போது வாசல்கதவு பாதிதான் திறக்கும்.
வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழையட்டும்.
சுற்றுகிற இறக்கை சத்தத்தை நறுக்குகிறது,
எனவே கேட்கும்போது விசிறி கிடையாது.
மே மாதம். கிருஷ்ணகிரி.
மலைப்பாறை பகலில் வாங்கிய சூட்டை
இரவெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

முதல் சோதனைக்கு ஆள் தானாக வந்தார்.
கரண்ட் பில் கேட்க வந்த திம்மராயப்பாவை உட்காரவைத்து
தேனீக் கூட்டம் ஒன்றைப் பறக்கவிட்டேன்.
துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.
"கோட்டைப் பாறையில கலைச்சிட்டாங்களா?"
பிறகு துண்டை விலக்கி
கூரையை மூலை மூலையாகத் தேடினார்.
ஓட்டை இல்லை.
சுவரைத் தடவினார்.
முன்பு இருந்தவன் பற்பசை வைத்து அடைத்த பழைய துளை
விரலுக்குச் சிக்கியது.
"இது?"
அதற்கு நானா பொறுப்பு?

நாகவேணிக்கு ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி.
கன்னம் வடிந்தது, இடது காது போய்விட்டது.
திருமணமான ஆறு வருடமாக
இடம் ஒன்று வலம் ஒன்று என்று பெட்டி வைத்து
வயலின் அங்கே, மிருதங்கம் இங்கே
என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தேன்.
அவளுக்கு எல்லாம் ஒரே பக்கம்.
"நல்லாயிருக்கு" என்பாள்.
பழையபேட்டை முனையில் லாரி ஹாரன் அடித்தால்
முழு உடம்பாலும் திரும்பிப் பார்ப்பவளிடம்
அதை நான் கேட்டதேயில்லை,
எது நல்லாயிருக்கு என்று.

அன்று கூழ் ஆலையிலிருந்து வந்தாள்,
மணிக்கட்டு வரை மாம்பழ வாசனை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேனீக்களைத் திறந்தேன்.

கழுத்து நிமிர்ந்தது.
இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை,
நேராக மேலே.
சுட்டுவிரல் எழுந்து
டிவிக்கு மேலிருந்து தலைக்கு மேல் வந்து
பின்சுவர் வரை கோடு போட்டது.
"போயிடுச்சு" என்றாள். சரியாக அப்போதுதான் போனது.

இடம் வலம் சொல்ல இரண்டு காது வேண்டுமாம்.
மேல் கீழ் சொல்ல
ஒரு காதுமடலின் மடிப்புகளே பெரும்பாலும் போதுமாம்.
இது பிறகு படித்தது.
அன்றைக்குத் தெரிந்தது அந்த விரல் மட்டும்.

"இன்னொரு தடவை."
"இன்னொரு தடவை."
ஐந்தாவது முறை
தேனீக்களுக்கு நடுவே தொம் தொம்மென்று ஏதோ விழுந்தது.
எனக்கு முன்னால் அவள் கை மேலே போனது.
"இது பெட்டி இல்ல. அவரு."
மணி பதினொன்றரை.

வேர்வையில் சோபா ஒட்டியது.
எழுந்து விசிறியைப் போட்டேன்.
தேனீக்கள் சிதறின.